பிள்ளை யார் கணக்கில்?

இலங்கையின் வருமான வரிச் சட்டத்திற் பிள்ளைக்கு இடமில்லை. 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம் தனியாளை அறியும். அவருக்குரிய நிவாரணத்தை அறியும். அவர் எத்தனை வயிறுகளுக்குச் சோறிடுகின்றார் என்பதை அறியாது. 2025 ஏப்ரல் முதல் அந்நிவாரணம் ஆண்டொன்றுக்கு 18 இலட்சம் ரூபா. கணவனைப் பிரிந்து, வெள்ளவத்தையில் வாடகை வீடொன்றில் மூன்று பிள்ளைகளை வளர்க்கும் தாயொருவர் மாதம் இரண்டு இலட்சம் ரூபா சம்பளம் பெறுகின்றார் எனக் கொள்வோம். அதே அலுவலகத்தில், அதே சம்பளத்தில், மணமாகாத இளைஞர் ஒருவரும் பணிபுரிகின்றார். இருவர் சம்பளத்திலிருந்தும் மாதந்தோறும் கழிவது 3,000 ரூபாவே. இதனைச் சமத்துவம் என்பாரும் உளர்.

பெற்றோருள் எவர் கணக்கிற் பிள்ளையைச் சேர்ப்பது என்ற தகராறு அமெரிக்கருக்குரியது, நம் நாட்டில் அது எழவேயில்லை என வரித்துறை அறிந்தோர் சிலர் பெருமிதத்துடன் கூறுவதுண்டு. பங்கிட ஒன்றுமில்லாத வீட்டிற் பாகப் பிரிவினை வழக்கு எழாமை வியப்பன்று. உண்மையில் தகராறு ஒழியவில்லை, இடம் மாறியிருக்கின்றது. சேர் சிற்றம்பலம் ஏ. கார்டினர் மாவத்தையிலுள்ள இறைவரித் திணைக்களத்தின் படியேறாத அவ்வழக்கு, புதுக்கடையிலே தாபரிப்பு வழக்காக நிற்கின்றது. 1889ஆம் ஆண்டின் தாபரிப்புக் கட்டளைச் சட்டம் பிள்ளையைப் பேணும் கடமையைத் தந்தைமீதே சுமத்தியது. அதனை நீக்கி வந்த 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கச் சட்டமோ, வசதியுள்ள பெற்றோர் எவராயினும் கடமைப்பட்டவர் என்கின்றது. ஆகவே தாயின் சம்பளத்தைப் பார்த்து ஒரு சட்டம், ‘நீயும் பிள்ளைக்குக் கடமைப்பட்டவள்’ என்கின்றது. அதே சம்பளத்தைப் பார்த்து மற்றொரு சட்டம், ‘உனக்குப் பிள்ளையே இல்லை’ என்கின்றது.

நிலைமை என்றும் இவ்வாறிருக்கவில்லை. 1932ஆம் ஆண்டின் வருமான வரிக் கட்டளைச் சட்டம் பிரித்தானிய மரபைத் தழுவியது. அதன்படி மனைவிக்கும் பிள்ளைகளுக்குமெனக் கழிவு உண்டு. ஆனால் மனைவியின் வருமானம் கணவனின் வருமானத்துள் அடக்கம். 1958இல், பண்டாரநாயக்க ஆட்சிக் காலத்தில், இலங்கைக்கு வந்த பொருளியலாளர் நிக்கலஸ் கால்டோர் குடும்பத்தையே வரி அலகாகக் கொள்ளும் கருத்தை வலியுறுத்தினார். பிற்காலத்தில் தனியாள் முறை நிலைபெற்று, மனைவியின் வருமானம் அவளுக்கே உரியதாயிற்று. அது வரவேற்கத்தக்க மாற்றம் என்பதில் ஐயமில்லை. ஆயின் கணவனின் கோப்பிலிருந்து மனைவி வெளியேறிய வழியாலேயே பிள்ளையும் வெளியேற்றப்பட்டது.

பிள்ளைக்கான நிவாரணத்தை மீட்டல் வேண்டும் என்போரும் அதனைக் ‘குடும்பத் தலைவர்’ கையில் ஒப்படைக்கவே விழைகின்றனர். இச்சொல்லின் வரலாறு நல்லதன்று. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின் மட்டக்களப்பில் நடந்ததை மறத்தலாகாது. வீடு பெண்வழிச் சீதனமாக இறங்கும் அம்மண்ணில், நிவாரணப் பணமும் புதிய வீட்டின் உரிமையும் பல இடங்களில் ஆணின் பெயருக்கே எழுதப்பட்டன. கடமை என்று வரும்போது மட்டும் அரசின் பார்வை தாய்மீது திரும்புகின்றது. 2013இல் வந்த ‘குடும்பப் பின்னணி அறிக்கை’ விதி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையுடைய தாய் வெளிநாட்டுக்குப் பணிப்பெண்ணாகச் செல்வதைத் தடுத்தது. தந்தைக்கு அத்தகைய தடை எதுவும் இருக்கவில்லை. 2022இல் அவ்விதி தளர்த்தப்பட்டதாயினும், அதன் பின்னிருந்த மனப்பான்மை தளர்ந்ததாகத் தெரியவில்லை.

பிரிந்த பெற்றோர் இருவரும் உரிமை கோரினால் என் செய்வது? ஐக்கிய அமெரிக்கா இரவுகளை எண்ணுகின்றது. ஆண்டிற் பிள்ளை எவர் வீட்டில் அதிக இரவுகள் உறங்கிற்றோ, அவரே உரிமையாளர். அவர் தாமாக ஒரு படிவத்திற் கையொப்பமிட்டு விட்டுக்கொடுத்தாலன்றி மற்றவர் உரிமை கோர இயலாது. இரவுகளை எண்ணுவது சிலருக்கு நகைப்பைத் தரலாம். பிள்ளைக்குக் காய்ச்சல் ஏறுவது பெரும்பாலும் இரவிலேதான். ஆனால் இரவுகள் சமமாயின் அதிக வருமானமுடையவர் பக்கம் தராசு சாயும் என்ற அவர்களது விதியை நாம் கடன்வாங்க வேண்டியதில்லை. கனடாவின் பிள்ளைக் கொடுப்பனவு, தாயே முதன்மைப் பராமரிப்பாளர் என்ற ஊகத்திலிருந்து தொடங்குகின்றது. பராமரிப்பு ஏறத்தாழச் சமமாயின் ஆளுக்குப் பாதி. வெள்ளவத்தையிலிருந்து ரொறன்ரோ சென்ற குடும்பங்கள் இதனை நன்கறியும்.

நமக்குப் பெரிதும் பொருந்துவது பிரித்தானியாவின் அனுபவம். 1945இல் குடும்பப் படிச் சட்டமூலம் நாடாளுமன்றத்துக்கு வந்தபோது பணம் தந்தைக்குரியதாகவே வரையப்பட்டிருந்தது. எலனர் இரத்போன் முதலியோர் போராடி அதனைத் தாய்க்கென மாற்றினர். ஆயினும் வருமான வரியிற் பிள்ளைக்கான கழிவு தந்தையின் சம்பளத்தோடேயே ஒட்டிக்கொண்டிருந்தது. 1975ஆம் ஆண்டின் சட்டம் இவ்விரண்டையும் ஒன்றாக்கித் தாயின் கையில் ரொக்கமாகக் கொடுக்க முற்பட்டது. மறு ஆண்டே கலகன் அமைச்சரவை பின்வாங்கியது. ஆண் தொழிலாளரின் கைக்கு வரும் சம்பளம் குறைந்தாற் சங்கங்கள் சினக்கும் என்ற அச்சமே காரணம். அமைச்சரவைப் பத்திரங்கள் கசிந்து சஞ்சிகையொன்றில் வெளிவந்து கண்டனம் எழுந்த பின்னரே, 1977 ஏப்ரலிற் கொடுப்பனவு தொடங்கியது. 1979இல் முழுமை பெற்றது. தொழிலாளர் பெயராலே ஆட்சி செய்த கட்சியே, தொழிலாளியின் மனைவிக்குப் பணம் போவதைக் கண்டு தயங்கியது மனங்கொள்ளத்தக்கது.

ரொக்கமாகக் கொடுப்பது இங்கு இன்னும் இன்றியமையாதது. கொட்டாஞ்சேனையிலே கடையொன்றில் மாதம் 45,000 ரூபாவுக்கு வேலை செய்யும் தாய் வருமான வரி கட்டுவதேயில்லை. கட்டாத வரியில் எதைக் கழிப்பது? வரிக்கழிவாக வரும் நிவாரணம் வெள்ளவத்தையின் உயர் சம்பளக்காரரை மட்டுமே சேரும், கொட்டாஞ்சேனையை எட்டாது.

தாபரிப்புப் பணத்தை ஒழுங்காகக் கட்டும் தந்தைக்கு இது அநீதி எனலாம். அவரது கொடுப்பனவை நிர்ணயிக்கையில் நீதவான் இருவர் வருமானத்தையும் நோக்க இயலும். அரசின் உதவியையும் அதே தராசில் இடலாம். இத்தகைய பேச்சே குடும்பங்களைப் பிரிக்கும் என்போருக்குக் கூற வேண்டியது ஒன்றே: குடும்பங்கள் ஏற்கெனவே பிரிந்துள்ளன, பண்பாட்டின் அனுமதியைக் கேளாமலே. தாய் குவைத்தில், தந்தை வேறிடத்தில், பிள்ளை கொட்டாஞ்சேனைத் தொடர்மாடியில் அம்மம்மாவுடன் என்ற நிலையை எந்தச் சூத்திரத்தில் அடக்குவது? அங்கு உரிமை அம்மம்மாவுக்கே.

இதனை நிறுவச் சான்றுகளுக்குப் பஞ்சமில்லை. பாடசாலைப் பதிவேட்டில் எவர் முகவரி உள்ளது, பெற்றோர் கூட்டத்துக்கு எவர் வந்தார், தடுப்பூசிக்குப் பிள்ளையை எவர் கொண்டுசென்றார் என்பன யாவும் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கின்றன. கிராம உத்தியோகத்தரின் அத்தாட்சி ஒன்றையே நம்பியிருக்க வேண்டியதில்லை. இவற்றைப் பார்த்துத் தீர்ப்பளிக்கப் புதியதொரு நியாயசபையும் வேண்டா. தாபரிப்பு வழக்கை விசாரிக்கும் நீதவானே, அதே விசாரணையில், கொடுப்பனவு எவருக்குரியது என்பதையும் குறித்துக் கட்டளையிடலாம். அதற்கு 1999ஆம் ஆண்டின் சட்டத்தில் ஓரிரு பிரிவுகளைச் சேர்த்தாற் போதும்.