முயலுக்கு என்ன பட்சணம்?

வீட்டில் வளரும் சிறு பிராணிகளிடம் நாம் கொண்ட பிரியம் பெரும்பாலும் அவற்றின் வாய் வழியாகவே வெளிப்படுகிறது. நமக்கு ருசிக்கும் பண்டத்தில் ஒரு துண்டை முயலிடம் நீட்டுகிறோம். முயலும் மறுப்பதில்லை. பிஸ்கோத்தை ஆவலோடு கொறிக்கிறது. வாழைப்பழத்தின் வாசனை பட்டதுமே பின்னங்கால்களை ஊன்றி எழுந்து நிற்கிறது. குழந்தைகள் கை கொட்டி மகிழ்கிறார்கள். ஆனால், ஆசையாக உண்பதனாலேயே ஒரு பண்டம் அதற்கு ஏற்றதாகிவிடாது. நம் குழந்தைகள் விஷயத்தில் நன்கு அறிந்த இவ்வுண்மையை முயல் விஷயத்தில் மறந்துவிடுகிறோம்.

முயல் புல் தின்னப் பிறந்த பிராணி. அதன் பற்கள் ஆயுள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். நார் மிகுந்த புல்லை ஓயாமல் அரைப்பதனால்தான் அவை தேய்ந்து அளவோடு நிற்கின்றன. பெருங்குடல் தொடங்கும் இடத்தில் பெரியதொரு பை உண்டு. அதில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் இருந்து, புல்லின் நாரைப் புளிக்கவைத்துச் சத்தாக மாற்றித் தருகின்றன. சர்க்கரையும் மாவும் மிதமிஞ்சி அங்கே போய்ச் சேர்ந்தால் நல்ல நுண்ணுயிர்கள் குன்றித் தீயவை பெருகும்; வாயு சேரும்; குடலின் அசைவே நின்றுபோகும். நாமாயின் வாந்தி எடுத்தாவது தப்பலாம். முயலுக்கோ வாந்தி எடுக்கும் சக்தியே கிடையாது. ஆகாரம் எடுக்காமல், புழுக்கையும் இடாமல் அரை நாள் மூலையில் ஒடுங்கியிருக்கும் முயலை, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டு வைக்கலாகாது. உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லவேண்டும்.

நம் வகுப்பு மாணவி ஒருத்தி தீபாவளியன்று தன் முயலுக்கு லட்டும் மைசூர்ப்பாகும் ஊட்டிவிட்டாள். இரண்டு நாள் மருத்துவரின் சிகிச்சையில் இருந்து அது பிழைத்தது. "அதுக்கு மட்டும் பண்டிகை வேண்டாமா, ஸார்?" என்று அவள் நம்மைக் கேட்டாள். நியாயமான கேள்விதான். பண்டிகை வேண்டும், பட்சணம்தான் வேறாக இருக்கவேண்டும்.

நாள்தோறும் ஆகாரத்தின் பெரும்பங்கு புல்லும் உலர்ந்த புல்லுமே. அதற்கு மேல் பிரியத்திற்காகக் கொடுப்பதை முதலில் இலைகளிலிருந்து தேர்ந்தெடுங்கள். கொத்தமல்லித் தழை, புதினா, முள்ளங்கி இலை ஆகியவை முயலுக்கு விருந்துதான். சமையலறையில் நாம் கிள்ளி எறியும் கொத்தமல்லிக் காம்பைக் கண்டு அது துள்ளுவதைப் பார்த்தவர்கள் லட்டை நினைக்கமாட்டார்கள்.

காரட் இல்லையா என்று சிலர் கேட்கக்கூடும். முயலுக்கும் காரட்டுக்கும் முடிச்சுப் போட்டுப் பிரபலமாக்கியது சினிமா. 1940-இல் வெளிவந்த அமெரிக்கக் கேலிச்சித்திரப் படத்தில் பக்ஸ் பன்னி என்னும் முயல் காரட்டைக் கடித்தவண்ணம் பேசிற்று. 1934-ஆம் வருஷத்துப் படம் ஒன்றில் க்ளார்க் கேபிள் என்ற நடிகர் காரட் தின்றுகொண்டே பேசிய காட்சியைப் பரிகசித்தே அதை அமைத்ததாக, அப்பாத்திரத்தை உருவாக்கியவர்களே கூறியிருக்கிறார்கள். ஆகவே, அந்தக் காரட் வந்தது முயல் வளையிலிருந்தல்ல! காரட்டின் இலை முயலுக்கு நல்லது; கிழங்கில் சர்க்கரை அதிகம். கிழங்கோ, கொய்யாவோ, விதை நீக்கிய ஆப்பிளோ, எதுவாயினும் கட்டைவிரல் நகமளவு, வாரத்திற்கு இரண்டொரு முறை போதும். வெங்காயம், பூண்டு, சாக்லேட், வெண்ணெய்ப்பழம் ஆகியவை கூடவே கூடாது.

கடைகளில் வண்ணப் பெட்டிகளில் தேன் பூசிய விதைக் குச்சிகளும் தயிர் மிட்டாய்களும் விற்கிறார்கள். பெட்டியின் மேலே முயல் புன்னகை செய்கிறது. பணம் கொடுப்பவர் நாமாகையால் அந்தப் புன்னகையும் நமக்கென்றே அச்சிடப்பட்டது போலும்!

கினிப்பன்றியின் கதை வேறு. அது பன்றியும் அல்ல, கினி தேசத்ததும் அல்ல. தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைப் பிரதேசத்தைச் சேர்ந்தது. நம்மைப் போலவே அதன் உடலும் 'சி' வைட்டமினை உற்பத்தி செய்துகொள்ள இயலாதது. எனவே, குடமிளகாய்த் துண்டும் சிறிதளவு கொய்யாவும் அதற்குப் பட்சணம் மட்டுமல்ல, மருந்துமாகும். முயலின் ஆகாரத்தையே அதற்கும் போட்டு வளர்ப்பவர்கள் இதைக் கவனிக்கவேண்டும். ஹாம்ஸ்டர் என்னும் சிற்றெலி தானியமும் விதையும் தின்பது. கிடைத்ததைக் கன்னப்பையில் அடக்கிக்கொள்ளும் சுபாவம் உள்ளதால் ஒட்டும் மிட்டாய்கள் அதற்கு ஆபத்து. சூரியகாந்தி விதையில் கொழுப்பு மிகுதி. ஒன்றிரண்டுக்கு மேல் வேண்டாம்.

பச்சைக் கிளிக்கு என்ன கொடுக்கலாம் என்று கேட்க விரும்பும் நேயர்களுக்கு ஒரு வார்த்தை. நம் நாட்டுக் கிளியைக் கூண்டில் அடைப்பது 1972-ஆம் வருஷத்து வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வயலில் பிடித்த காட்டு முயலை வளர்ப்பதும் அவ்வாறே.

புதிய இலை எதையும் ஒரு வேளைக்கு ஒன்றாகச் சிறிதளவு கொடுத்து, மறுநாள் புழுக்கை சரியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே தொடருங்கள். மருந்து தெளித்த தோட்டத்துத் தழை வேண்டாம். மற்றவற்றையும் கழுவியே கொடுங்கள். விருந்தினர் வரும் நாட்களில் கூண்டருகே ஒரு கிண்ணத்தில் கொத்தமல்லிக் காம்புகளை நறுக்கி வையுங்கள். கொடுக்க ஆசைப்படும் குழந்தைகள் அதிலிருந்து எடுத்துக் கொடுக்கட்டும்.