முன் ஷட்டருக்குக் கறுப்பு ஃபிலிம் வேண்டாம்



அப்புத்தளையிலும் பண்டாரவளை, பெரகல, ஹல்துமுல்ல பக்கங்களிலும் வாகனம் வைத்திருக்கும் நம் உறவுகளுக்கும், ஸ்கூல் வானில் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோருக்கும் இதை எழுதுகிறோம். கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள்.

நாங்கள் நான்கு ஆசிரியர்கள். எங்களில் ஒருவருடைய பழைய வேகன் ஆர் காரில்தான் தினமும் பாடசாலைக்குப் போய் வருகிறோம். பெற்றோல் செலவை நாலாகப் பிரித்துக்கொள்வோம். கார் மூன்று கை மாறி வந்தது. முன்பு வைத்திருந்த யாரோ முன் ஷட்டர் இரண்டுக்கும் கறுப்பு ஃபிலிம் ஒட்டியிருந்தார். வாங்கும்போது அதை நாங்கள் குறையாகப் பார்க்கவில்லை. உண்மையைச் சொன்னால், ‘நல்லா இருக்கே’ என்றுதான் நினைத்தோம்.

பின்னேர வகுப்பு முடிந்து வந்த ஒரு நாள். மழை விட்டு, பள்ளத்தாக்கிலிருந்து பனிமூட்டம் ஏறிக்கொண்டிருந்தது. பாடசாலைப் பாதையிலிருந்து பிரதான வீதிக்குத் திரும்பும் இடத்தில் காரை மெதுவாக எடுத்தோம். வலப்பக்க ஷட்டர் வழியாகப் பார்த்தபோது வீதி வெறுமையாகத்தான் தெரிந்தது. பின்னால் இருந்தவர் “நிப்பாட்டுங்க!” என்று கத்திய பிறகுதான் பிரேக் போட்டோம். பம்பருக்கு ஒரு முழ தூரத்தில் எங்கள் பாடசாலைப் பிள்ளை ஒருவன் நின்றான். அல்ஹம்துலில்லாஹ், அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை.

மறுநாள் அவனைக் கூப்பிட்டு, “ஏன்டா வாகனம் வர்றது தெரியலையா?” என்று கேட்டோம். கேட்டதே தவறு என்பது அவன் பதிலில் விளங்கியது.

“தெரிஞ்சிச்சு சேர். நான் கையக் காட்டினேன். கண்ணாடி கறுப்பா இருந்ததால நீங்க என்னப் பாத்தீங்களா இல்லையான்னு வெளங்கல. நிப்பாட்டிருவீங்கன்னு நெனச்சி நடந்தேன்.”

ஃபிலிம் என்றால் உள்ளே இருந்து வெளியே எவ்வளவு தெரிகிறது என்பதை மட்டும்தான் அதுவரை யோசித்திருந்தோம். வெளியே நிற்பவருக்கு ஓட்டுநரின் முகம் தெரிய வேண்டும் என்பதை நினைக்கவே இல்லை. எங்கள் வீதிகளில் பல இடங்களில் நடைபாதை இல்லை. கொழுந்துப் பை சுமந்து வரும் அம்மாவும், லயத்திலிருந்து கடைக்கு வரும் பிள்ளையும், பள்ளிவாசலுக்கு நடக்கும் வயசாளியும் ஓட்டுநரின் முகத்தைப் பார்த்துத்தான் வீதியைக் கடக்கிறார்கள். ஒரு தலையசைப்பு, ஒரு கைச் சைகை, அவ்வளவுதான் இங்கே சிக்னல். முன் ஷட்டரைக் கறுப்பாக்கினால் அந்த சிக்னலை அணைத்துவிடுகிறோம்.

சரி, ஃபிலிமே ஒட்டக்கூடாதா? அப்படிச் சொல்லவில்லை. எதற்காக ஒட்டுகிறோம் என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும். நம்மவர்கள் சொல்லும் காரணங்கள் மூன்று: வெயில், மறைப்பு, அழகு. அழகை விட்டுவிடுவோம். மற்ற இரண்டையும் பார்ப்போம்.

முதலில் வெயில். அப்புத்தளை கடல் மட்டத்திலிருந்து 1,400 மீற்றருக்கு மேல் இருக்கிறது. இங்கே குளிர்தான், ஆனால் உயரம் கூடக் கூட கழியூதாக் கதிரும் கூடும். 1,000 மீற்றருக்குச் சுமார் 10 வீதம் என்பார்கள். வெல்லவாயப் பக்கமோ இரத்தினபுரி வழியாகக் கொழும்புக்கோ இறங்குகிறவர்களுக்கு வெப்பமும் சேர்ந்துகொள்ளும். ஆகவே வெயில் நியாயமான காரணம்தான். ஆனால் கறுப்பாக இருந்தால் குளிர்ச்சியாக இருக்கும் என்ற கணக்கு பிழை.

சூரிய சக்தியில் ஏறக்குறைய பாதி, கண்ணுக்குத் தெரியாத செங்கீழ்க் கதிராக, அதாவது இன்ஃப்ரா ரெட்டாக வருகிறது. மலிவான ஃபிலிம் வெறும் சாயம் ஏற்றியது. அது வெளிச்சத்தைத் தடுக்கும், செங்கீழ்க் கதிரில் பெரும் பங்கை உள்ளே விட்டுவிடும். சில வருடத்தில் ஊதா நிறமாக மாறிக் குமிழியும் விடும். உலோகப் பூச்சுள்ள ஃபிலிம் வெப்பத்தை நன்றாகத் திருப்பி அனுப்பும், ஆனால் போன் சிக்னலைக் குறைக்கலாம். நம் மலைப் பாதைகளில் சிக்னல் இருக்கும் இலட்சணம் உங்களுக்கே தெரியும். செராமிக் ஃபிலிம் விலை கூடியது. ஆனால் கண்ணாடியை இருட்டாக்காமலேயே செங்கீழ்க் கதிரைத் தடுக்கும். 70 வீத வெளிச்சத்தை விடும் நல்ல செராமிக் ஃபிலிம், 20 வீதம் விடும் சாய ஃபிலிமுக்குச் சமமாக, சில வேளை அதைவிட அதிகமாகவும் வெப்பத்தைக் குறைக்கும்.

கடையில் வெப்ப விளக்கைப் போட்டு, ஃபிலிமுக்குப் பின்னால் கையை வைக்கச் சொல்வார்கள். அதை மட்டும் நம்பாதீர்கள். அந்த விளக்கிலிருந்து வருவது பெரும்பாலும் செங்கீழ்க் கதிர்தான். “மொத்த சூரிய சக்தியில் எத்தனை வீதம் தடுக்கும்?” என்று கேளுங்கள். பெட்டியில் டி.எஸ்.ஈ.ஆர். என்று போட்டிருப்பது அதைத்தான். வி.எல்.டி. என்பது எத்தனை வீத வெளிச்சம் உள்ளே வரும் என்பது. இரண்டையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு கணக்கு. எங்கள் கணித சேர் போட்டுக் காட்டியது. சாதாரண ஷட்டர் கண்ணாடி தானே சுமார் 80 வீத வெளிச்சத்தைத்தான் விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் 70 ஃபிலிம் ஒட்டினால் உள்ளே வருவது 70 அல்ல, 80இல் 70 வீதம், அதாவது 56. ‘லேசான கறுப்பு’ என்று கடையில் சொல்லும் 35 ஃபிலிம் ஒட்டினால் 28. ஏற்கெனவே 20 வீதம் விடும் பின் கண்ணாடிக்கு மேல் 50 ஃபிலிம் ஒட்டினால் வெறும் 10. பகலில் இது தெரியாது. மஃரிப் நேரத்தில், மூட்டத்தில், மழையில் தெரியும்.

ஜப்பானிலிருந்து வரும் வேகன் ஆர், விட்ஸ், அக்வா கார்களைப் பாருங்கள். பின்பக்கக் கண்ணாடி பலவற்றில் கறுப்பாக இருக்கும், முன் ஷட்டர் தெளிவாக இருக்கும். அங்கே முன் கண்ணாடிக்கும் முன் ஷட்டருக்கும் 70 வீதம் வெளிச்சம் வரவேண்டும் என்பது சட்டம். நாம் அந்தக் காரை இங்கே கொண்டுவந்து, அவர்கள் வேண்டுமென்றே தெளிவாக விட்ட இடத்தைத் தேடிப்பிடித்துக் கறுப்பாக்குகிறோம். 2020 முதல் 2025 ஆரம்பம் வரை கார் இறக்குமதி நின்றிருந்ததால் பழைய வாகனங்கள்தான் கை மாறி ஓடுகின்றன. ஒரு ஃபிலிமுக்கு மேல் இன்னொன்று ஒட்டிய கார்களையும் கண்டிருக்கிறோம்.

இந்தியாவில் இது உச்ச நீதிமன்றம் வரை போனது. அங்கே முன், பின் கண்ணாடிகளுக்கு 70 வீதமும் பக்கக் கண்ணாடிகளுக்கு 50 வீதமும் என்று விதி இருந்தது. 2012 ஏப்ரல் 27ஆம் திகதி நீதிமன்றம், எத்தனை வீதமானாலும் ஃபிலிம் ஒட்டவே கூடாது என்று தீர்ப்பளித்தது. பின்னர் விதி திருத்தப்பட்டது. 2024 செப்டெம்பரில் கேரள உயர் நீதிமன்றம், அந்த வீதத்துக்குள் இருந்தால் ஃபிலிம் ஒட்டலாம் என்றது. அங்கே பன்னிரண்டு வருட வாதத்துக்குப் பிறகும் மாறாமல் நின்றது ஒன்றுதான்: போதிய வெளிச்சம் கண்ணாடி வழியாகப் போய்வர வேண்டும்.

இனி மறைப்பு. இதை எழுதத் தயக்கமாக இருந்தது, ஆனாலும் எழுத வேண்டும். 2019 ஏப்ரல் தாக்குதல்களுக்குப் பிறகு முகம் மூடுவது தடை செய்யப்பட்டது நினைவிருக்கும். வீதியில் நம் பெண்களை எல்லோரும் முறைத்துப் பார்த்த காலம் அது. எங்களுக்குத் தெரிந்த சில குடும்பங்கள் அப்போதுதான் காருக்குக் கறுப்பு ஃபிலிம் ஒட்டின. அந்த மனதை நாங்கள் குறை சொல்ல மாட்டோம். எங்கள் வீட்டுப் பெண்களும் அந்தப் பயத்தோடுதான் பயணம் செய்தார்கள்.

ஆனால் இந்த நாட்டில் கறுப்புக் கண்ணாடிக்கு வேறொரு ஞாபகமும் இருக்கிறது. வெள்ளை வான் என்ற சொல்லைக் கேட்டாலே நடுங்கிய தாய்மார் இருக்கிறார்கள். உள்ளே யார் என்று தெரியாத வாகனம் பக்கத்தில் வந்து நின்றால் அவர்களுக்கு என்ன தோன்றும்? நம் பயத்துக்காக ஒட்டுவது அடுத்தவரைப் பயமுறுத்துகிறது. சோதனைச் சாவடியில் சந்தேகத்தைக் குறைப்பதற்குப் பதிலாகக் கூட்டுவதும் அதுவே.

மறைப்பு வேண்டும் என்றால் பின் ஆசனத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். பல கார்களில் அது கம்பனியிலேயே இருக்கிறது. இல்லாவிட்டால் கழற்றி மாட்டக்கூடிய வலைத் திரை போதும், இருட்டியதும் கழற்றிவிடலாம். பிள்ளைக்குப் பால் கொடுக்கும் தாய்க்கும் பின் ஆசனம்தானே வசதி. ஓட்டுநரின் முகத்தை மறைக்க இதில் எந்தத் தேவையும் இல்லை. பாதைக்கும் உரிமை உண்டு, பாதையில் இருப்பவருக்குத் துன்பம் தராதே என்று மதரஸாவில் சிறு வயதிலேயே படித்தவர்கள் நாங்கள். ஷட்டர் கண்ணாடிக்கும் அது பொருந்தும் என்று நினைக்கிறோம்.

ஒட்டத்தான் போகிறீர்கள் என்றால் சில விடயங்கள்:

முன் பெரிய கண்ணாடியை விட்டுவிடுங்கள். அது இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே ஒரு படலம் வைத்துச் செய்தது. கழியூதாக் கதிரில் பெரும்பகுதியை அதுவே தடுத்துவிடும்.

தோல் வருத்தம் உள்ளவர்கள் முன் ஷட்டருக்கு நிறமே இல்லாத கழியூதாத் தடுப்பு ஃபிலிம் கேளுங்கள்.

கடைக்காரர் “பிரச்சினை இல்ல” என்பதை நம்பி ஒட்டாமல், மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்தில் கேட்டுவிட்டு ஒட்டுங்கள்.

நம் ஊர் ஈரத்தில் ஃபிலிம் காய நாள் எடுக்கும். ஒட்டிய பிறகு ஒரு வாரமாவது ஷட்டரை இறக்க வேண்டாம். அமோனியா கலந்த திரவத்தால் துடைக்கவும் வேண்டாம்.

பின் கண்ணாடியிலிருந்து பழைய ஃபிலிமை பிளேட்டால் சுரண்டாதீர்கள். பனி போக்கும் கம்பிகள் அறுந்துவிடும். மூட்டத்தில் அந்தக் கம்பிகள்தான் உங்களுக்கு உதவும்.

கடைசியாக, காசு செலவில்லாத ஒரு பரிசோதனை. மஃரிப் நேரத்தில் ஓட்டுநர் ஆசனத்தில் இருங்கள். கறுப்பு உடுப்புப் போட்ட ஒருவரை வீதி ஓரத்தில் இருபது அடி தள்ளி நிற்கச் சொல்லுங்கள். ஷட்டர் வழியாக உங்களுக்கு அவர் தெரிகிறாரா? பிறகு இடம் மாறுங்கள். வெளியே நின்று பாருங்கள், உள்ளே இருப்பவரின் கண் தெரிகிறதா? இரண்டில் ஒன்றுக்கு ‘இல்லை’ என்றால் அந்த ஃபிலிமைக் கழற்றுங்கள். ஸ்கூல் வான் ஓட்டும் நானாமார், அண்ணாமார் இதைக் கட்டாயம் செய்து பாருங்கள். பெற்றோரும் தயங்காமல் கேளுங்கள்.

நாங்கள் அடுத்த சனிக்கிழமையே கழற்றிவிட்டோம். ஹேர் டிரையரால் சூடாக்கி, சவர்க்காரத் தண்ணீர் தெளித்து, பசையை உரித்து எடுக்க முழு நாளும் போனது. இப்போது அந்தப் பையன் வீதியைக் கடக்கும்போது கையைத் தூக்குகிறான். நாங்கள் தலையசைத்த பிறகுதான் அவன் கால் வைக்கிறான்.

மழைக்காலம் முடிவதற்குள் உங்கள் வாகனத்தையும் ஒருமுறை பாருங்கள். எல்லோருடைய பயணத்தையும் அல்லாஹ் பாதுகாப்பானாக. வஸ்ஸலாம்.