வெளிச்சத்தைத் திருத்துங்கள்... முகத்தை விட்டுவிடுங்கள்!

நம் செல்போனில் ஆளுக்கு ஆயிரம் படமாவது இருக்கும். அதில் எத்தனை படத்தில் நாம் நாமாக இருக்கிறோம்? எடுத்த கையோடு ஒரு பில்டரைப் போட்டு, கன்னத்தை வழவழப்பாக்கி, நிறத்தை இரண்டு படி ஏற்றி ஸ்டேட்டஸில் வைத்துவிடுகிறோம். கேட்டால், "எடிட் பண்ணினேன்டா மச்சான்" என்று பதில் வருகிறது. அது எடிட்டிங்கே இல்லை என்பது என் கட்சி.

படம் ஏன் கெட்டுப்போகிறது? கேமரா ஒரு மெஷின். எதிரே தெரிகிற காட்சியின் வெளிச்சத்தைச் சராசரி எடுத்து, அது நடுத்தரச் சாம்பலுக்கு வரும்படி அளவு வைக்கும். சுண்ணாம்பு அடித்த சுவர் முன்னால் நம்மைப் போல ஒரு கறுத்த ஆசாமி நின்றால், அது சுவரைப் பார்த்து வெளிச்சத்தைக் குறைத்துவிடும். முகம் கரி அப்பினது போல ஆகும். இப்போதைய போன்கள் முகத்தைக் கண்டுபிடித்து அளக்கின்றன. ஆனாலும் முதுகுக்குப் பின்னால் ஜன்னல் இருந்தால் தடுமாறத்தான் செய்கின்றன. குண்டு பல்பு வெளிச்சத்தில் மஞ்சள் ஏறும், சில டியூப்லைட்டில் பச்சை தட்டும். இதெல்லாம் வெளிச்சத்தின் குறை. நம் தோலின் குறை என்று எவன் சொன்னான்?

இதைச் சரிசெய்ய காசே வேண்டாம். திருட்டு போட்டோஷாப் தேடிப்போய் வைரஸ் வாங்கி வருகிறவர்கள் கவனிக்க! கிம்ப் என்ற மென்பொருளை 1995-ல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஸ்பென்சர் கிம்பால், பீட்டர் மாட்டிஸ் என்று இரண்டு மாணவர்கள் தொடங்கினார்கள். ஆமாம், மாணவர்கள்! இன்றைக்கும் அது இலவசம். 2025-ல் அதன் 3.0 பதிப்பு வந்தது.

அதில் கலர்ஸ் மெனுவில் லெவல்ஸைத் திறந்தால் மலை மாதிரி ஒரு வரைபடம் வரும். ஹிஸ்டோகிராம். இடது ஓரம் 0, முழுக் கறுப்பு. வலது ஓரம் 255, முழு வெள்ளை. டிஜிட்டல் எலெக்ட்ரானிக்ஸில் படித்த அதே 8 பிட், 256 படி! மலை இடப்பக்கம் குவிந்து வலப்பக்கம் காலியாகக் கிடந்தால் படம் இருட்டு. வலது முக்கோணத்தை மலையடிவாரம் வரை இழுங்கள். 1.00-ல் இருக்கும் நடு முக்கோணத்தை மெல்ல இடப்பக்கம் நகர்த்தினால் 1.10, 1.20 என்று ஏறும். முகம் இருட்டிலிருந்து வெளியே வரும். எங்கே நிறுத்துவது? ஆளை நேரில் பார்த்த ஞாபகத்தோடு ஒத்துப்போகிற இடத்தில். அதற்கு மேல் போனால் சுண்ணாம்பு அடிக்கிற வேலை. 255-ல் முட்டி வெளுத்துப்போன இடத்தை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது, அங்கே விவரமே பதிவாகவில்லை. ஒரிஜினல் படத்தை மட்டும் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். ஜேபெக் படம் திருத்தித் திருத்திச் சேமிக்க ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தேயும்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்கலாம். எங்கள் அப்பா கொத்தனார், அம்மா சித்தாள். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். நான் சேர்ந்த வருஷம் அம்மாவை ஊர்ப்பக்கம் ஒரு ஸ்டூடியோவில் படம் எடுத்தோம். "கொஞ்சம் கலர் ஏத்தியிருக்கேன்க்கா, பாருங்க" என்று அந்த அண்ணன் நீட்டினார். நெற்றித் தழும்பைக் காணோம். கண்ணோரச் சுருக்கத்தைக் காணோம். அப்பாயி வாங்கிப் பார்த்துவிட்டு, "யாருடா இது?" என்றது. அம்மா சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இருபது வருஷம் வெயிலில் கல் சுமந்த முகம் அது, ஒரு கிளிக்கில் போய்விட்டது. அந்த அண்ணனைச் சொல்லிக் குற்றமில்லை. கல்யாணப் போட்டோவுக்கு வருகிறவர்கள் அவரிடம் கேட்பதே அதைத்தான்.

இது நம் ஊர் வியாதி மட்டுமில்லை. பிலிம் காலத்தில் கோடாக் கம்பெனி, பிரிண்ட் போடும் லேப்களுக்கு நிறம் சரிபார்க்க ஒரு அட்டை கொடுத்தது. ஷெர்லி கார்டு என்பார்கள். அதில் இருந்தது வெள்ளைக்காரப் பெண். அவள் முகம் சரியாக வந்தால் எல்லாம் சரி என்று கணக்கு! கறுப்பு முகங்கள் அடையாளம் தெரியாமல் வந்தன. சாக்லேட் கம்பெனிகளும் மர நாற்காலி விற்பவர்களும், எங்கள் சரக்கின் பழுப்பு நிறம் சரியாக விழவில்லை என்று புகார் சொன்ன பிறகுதான் பிலிமைத் திருத்தினார்கள் என்று அங்கே வேலை பார்த்தவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். மனிதனுக்கு இல்லாத மரியாதை மேஜை நாற்காலிக்கு! டிஜிட்டலிலும் 2021-ல்தான் கூகுள் தன் பிக்ஸல் போனில், கறுத்த முகங்கள் சரியாக விழ வேண்டும் என்று ரியல் டோன் கொண்டுவந்தது.

"பரு வந்தால்கூட அழிக்கக் கூடாதாடா?" என்று ரூம்மேட் கேட்டான். தாராளமாக அழி. அது அடுத்த வாரம் தானாகவே போய்விடும். தழும்பும் நிறமும் அப்படியா?

சங்கத்துக்கு ஒரு கோரிக்கை. அடுத்த மலருக்குத் துறைவாரிக் குழுப் படங்களை ஸ்டூடியோவில் கொடுக்கும்போது, "லைட் மட்டும் சரி பண்ணவும், முகத்தில் கை வைக்க வேண்டாம்" என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். கம்ப்யூட்டர் லேபில் நாலு மெஷினில் கிம்ப் போட்டுக் கொடுத்தால் அந்தச் செலவும் மிச்சம். சனிக்கிழமை மத்தியானம் நான் உட்காரத் தயார். கூட இரண்டு பேர் வேண்டும், பெயர் கொடுங்கள்.