முடிவு தெரிந்த கதை

கதை எழுதுகிறவனுக்குக் கம்பெனி நிர்வாகத்தைப் பற்றிப் பேச என்ன யோக்கியதை என்று சிலர் கேட்கக்கூடும். கேட்கட்டும். நிர்வாகக் கல்லூரிகளில் பாடம் என்ற பெயரில் நடப்பதில் பாதி கதைதான். கதையைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் யோக்கியதை உண்டு.

'கேஸ் ஸ்டடி' என்று அதற்குப் பெயர். ஒரு கம்பெனிக்கு நேர்ந்த சிக்கலைப் பத்து இருபது பக்கங்களில் எழுதிக் கொடுத்து, "அந்த நிர்வாகியின் இடத்தில் நீ இருந்தால் என்ன செய்வாய்?" என்று மாணவனைக் கேட்பார்கள். 1908-ல் தொடங்கிய ஹார்வர்டு வியாபாரக் கல்லூரிக்கு 1919-ல் தலைவராக வந்த டோனம் சட்டம் படித்தவர். சட்டக் கல்லூரியில் பழைய வழக்குகளை வைத்துப் பாடம் சொல்வதைப் போல இங்கும் சொல்லலாம் என்று இந்த முறையை வேரூன்றச் செய்தவர் அவர். 1961-ல் ஆமதாபாத்தில் நிர்வாகக் கல்லூரி தோன்றியபோது, ஹார்வர்டின் துணையோடு அது நம் தேசத்திலும் காலூன்றியது. முறையோடு எனக்குச் சண்டையில்லை.

அந்தக் கேஸை மாணவனே எழுதட்டும் என்றால் முகம் சுளிக்கிறார்களே, அந்தப் பண்டிதர்களோடுதான் என் சண்டை. "இருபத்திரண்டு வயதுப் பையனுக்கு என்ன தெரியும்? தப்பும் தவறுமாக எழுதுவான். அதை வைத்தா வியாபார வியூகம் கற்பிப்பது?" என்கிறார்கள். சரி, பெரியவர்கள் எழுதியது என்ன ஆயிற்று?

ஹோண்டா கம்பெனி அமெரிக்க மோட்டார் சைக்கிள் சந்தையைப் பிடித்த கதையை எடுத்துக்கொள்ளுங்கள். 1975-ல் பிரிட்டிஷ் அரசாங்கத்துக்காக ஓர் ஆலோசனை நிறுவனம் அறிக்கை தயாரித்தது. பெருமளவில் உற்பத்தி செய்து, விலையைக் குறைத்து, சின்ன வண்டியால் சந்தைக்குள் நுழைந்து, திட்டமிட்டு முன்னேறியது ஹோண்டா என்றது அறிக்கை. அது வகுப்பறைப் பாடமும் ஆயிற்று. 1984-ல் ரிச்சர்ட் பாஸ்கேல் என்ற ஆசிரியர், அந்த வேலையைச் செய்த ஜப்பானியர்களையே தேடிப்போய்க் கேட்டதை எழுதினார். அவர்கள் சொன்ன கதை வேறு. 1959-ல் லாஸ் ஏஞ்சலிஸுக்கு வந்தபோது அவர்கள் நம்பியிருந்தது பெரிய வண்டிகளை. அவை எண்ணெய் ஒழுகி, கிளட்ச் கெட்டுப்போய் மானத்தை வாங்கின. கடைகண்ணிக்குப் போய்வர அவர்களே ஓட்டிக்கொண்டிருந்த 50 சி.சி. குட்டி வண்டியைத் தெருவில் பார்த்தவர்கள்தான் விசாரிக்க ஆரம்பித்தார்கள். வேறு வழியில்லாமல் அதை விற்றார்கள்; வென்றார்கள். திகைப்பும் தடுமாற்றமுமாக நடந்த ஒன்று, பண்டிதர் கைபட்டதும் மகா வியூகமாகிவிட்டது!

இன்னொன்று என்ரான். அதைப் புதுமைக்கு உதாரணமாகக் காட்டும் கேஸ்கள் ஹார்வர்டிலேயே எழுதப்பட்டிருந்தன. 2001 டிசம்பரில் அந்தக் கம்பெனி திவாலாயிற்று. ஆயிரக்கணக்கானோர் வேலையையும், முதுமைக்கென்று சேர்த்த பணத்தையும் இழந்தார்கள். அதை நடத்தியவர்களில் ஒருவரான ஜெஃப்ரி ஸ்கில்லிங் அதே கல்லூரியில் கேஸ் படித்துத் தேறியவர்தாம்.

இந்தப் பிழைகளுக்கெல்லாம் வேர் ஒன்றே: முடிவைத் தெரிந்துகொண்டு கதையைப் பின்னாலிருந்து எழுதுவது. ஜெயித்தவன் செய்ததெல்லாம் மதியூகமாகத் தெரியும். தோற்றவன் செய்ததெல்லாம் மடமையாகத் தெரியும். இந்த மோசத்தை, பிறர் எழுதியதைப் படித்து ஒருவன் கண்டுகொள்ள முடியாது. தானே எழுத உட்கார்ந்தால்தான் தெரியும். மானேஜர் சொல்வதும் கணக்கப்பிள்ளை சொல்வதும் ஒத்துப்போகாதபோது, எதை எழுதுவது, எதை விடுவது என்று பேனா தயங்குகிறதே, அந்தத் தயக்கம்தான் பாடம்.

மாணவர்களை எழுதவைக்கிறோம் என்று மார்தட்டுகிற கல்லூரிகளுக்கும் ஒரு வார்த்தை. கம்பெனியின் ஆண்டறிக்கையையும் பத்திரிகைத் துணுக்குகளையும் ஒட்டிக் கொடுத்தால் அது கேஸ் ஆகாது. முதலாளிக்குப் பாடிய பரணி ஆகும். பையன் அந்த வாசலை மிதிக்க வேண்டும். வேலை போனவனையும், சரக்கு வாங்க மறுத்த கடைக்காரனையும், போட்டிக் கம்பெனிக்காரனையும் கேட்க வேண்டும். தீர்மானம் செய்த நாளில் நிர்வாகிக்கு எது தெரிந்திருந்ததோ அதை மட்டும் எழுத வேண்டும். பிறகு, அதை வகுப்பில் சக மாணவர்கள் கிழிக்க வேண்டும். தவறாக எழுதியிருந்தால் மிகவும் நல்லது. அச்சடித்த கேஸை எதிர்த்துக் கேட்கத் துணியாத பையன், பக்கத்து பெஞ்சுக்காரன் எழுதியதை விட்டுவைப்பானா?

நாளைக்கு இந்தப் பிள்ளைகள்தான் எந்த ஆலையை மூடுவது, எத்தனை பேரை வீட்டுக்கு அனுப்புவது என்று கையெழுத்துப் போடப்போகிறார்கள். அந்தக் காகிதங்களும் தெளிவாக, அழகாக, ஒரு சந்தேகத்துக்கும் இடமில்லாமல்தான் எழுதப்பட்டு வரும். "இதில் எதை விட்டுவிட்டு எழுதியிருக்கிறாய்?" என்று அவற்றை எழுதியவனைக் கேட்கத் தெரிய வேண்டாமா? ஒரு முறையாவது தானே எழுதி, எதையாவது விட்டுவிட்டு, பிடிபட்டவனுக்குத்தான் அந்தக் கேள்வி வாயில் வரும்.