சரிகாவுக்கு மாலை வேண்டாம், சாட்சி வேண்டும்!

இரண்டாம் ஆண்டு மாணவி, எலக்ட்ரிகல் துறை, பரளச்சி



படிக்கிற வயதில் ஒருவர் இறந்துபோனால் நாம் என்ன செய்கிறோம்? இரண்டு நிமிஷம் எழுந்து நிற்கிறோம். போட்டோவுக்கு மாலை போடுகிறோம். கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ் ஒட்டுகிறோம். நாலு நாள் கரிசக்காட்டு வெயிலில் நோட்டீஸ் வெளுத்துப்போகும். அதோடு சரி! நினைவு அஞ்சலி என்றால் இவ்வளவுதானா?

ஒரு மாணவியின் கதையைச் சொல்கிறேன். அவர் நம் ஊர்ப் பிள்ளை இல்லை. நம்மில் பலர் பிறப்பதற்கு முன்பே இறந்துபோனவர். ஆனாலும் தினமும் பஸ் ஏறுகிற நமக்கெல்லாம் ரொம்ப நெருங்கிய தோழி அவர்.

அவர் பெயர் சரிகா ஷா. சென்னை எத்திராஜ் மகளிர் கல்லூரி மாணவி. 1998 ஜூலையில், கல்லூரிக்குப் பக்கத்தில் ஆட்டோவில் வந்த ஒரு கும்பல் அவரிடம் வம்பு செய்தது. அதில் ஒருவன் மேலே வந்து விழுந்ததில் சரிகா கீழே விழுந்தார். தலையில் பலத்த அடி. பிழைக்கவில்லை. அந்தக் கும்பலுக்கு அது விளையாட்டு. ஒரு வீட்டுக்கு அது மகளின் உயிர்!

தமிழ்நாடே கொதித்தது. அதே வருஷம் முதலில் அவசரச் சட்டமும், பிறகு 1998ஆம் ஆண்டின் 44ஆம் எண் சட்டமும் வந்தன. அப்போது அதற்கு ‘ஈவ் டீசிங்’ தடைச் சட்டம் என்று பெயர். 2002ல் அந்தப் பெயரை மாற்றினார்கள். இப்போது அது பெண் வன்கொடுமைத் தடைச் சட்டம். இந்தப் பெயர் மாற்றம் சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். ‘டீசிங்’ என்றால் சும்மா கேலி, கிண்டல் என்று சிரித்துவிட்டுப் போய்விடலாம். வன்கொடுமை என்று எழுதிவிட்டால் சிரிக்க முடியுமா? 2025ல் தண்டனையைக் கூட்டிச் சட்டசபையில் திருத்தமும் நிறைவேறியது.

ஆகவே சரிகாவுக்கு நாம் தனியாகச் சிலை வைக்க வேண்டியதில்லை. அந்தச் சட்டமே அவருடைய நினைவுச் சின்னம். நம் கேள்வி, அந்தச் சின்னம் நம்ம ரூட் பஸ்ஸில் உயிரோடு இருக்கிறதா என்பதுதான்.

அந்தச் சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஓடுகிற பஸ்ஸில் ஒரு பெண்ணுக்குத் தொல்லை நடந்து, அவர் புகார் சொன்னால், டிரைவரும் கண்டக்டரும் பஸ்ஸைப் பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓட்டிப்போக வேண்டும்! 2012 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் இதையே உத்தரவிட்டது. அப்படிச் செய்யாவிட்டால் பஸ்ஸின் பெர்மிட்டையே ரத்து செய்யலாம் என்றும் சொன்னது.

அந்தத் தீர்ப்பு வந்த வழக்கு எங்கோ டெல்லியில் நடந்ததல்ல. 1999ல் நம்ம தென்காசி பஸ் நிலையத்தில் ஒரு பெண்ணிடம் முறைகேடாக நடந்ததாக ஒரு போலீஸ்காரர் மேலேயே வந்த வழக்கு. துறை விசாரணையில் அவருக்கு வேலை போனது. ஆனால் கிரிமினல் கோர்ட்டில்? சாட்சிகள் மாறிப் பேசியதால் விடுதலை! கடைசியில் உச்ச நீதிமன்றம் வேலை நீக்கம் சரிதான் என்று தீர்ப்புச் சொல்ல 13 வருஷம் ஆனது. சட்டம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், “ஆமா, நான் பார்த்தேன்” என்று சொல்ல ஆள் இல்லாவிட்டால் அது வெறும் காகிதம்தான்.

இனி நம்ம ஊருக்கு வருவோம். பரளச்சியிலேயே போலீஸ் ஸ்டேஷன் இருக்கிறது. அருப்புக்கோட்டையிலும் இருக்கிறது. காலையில் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு போகிற அந்தக் கூட்டத்தில் எத்தனை கை தெரியாமல் படுகிறது, எத்தனை கை தெரிந்தே படுகிறது என்று எங்களுக்குத் தெரியாதா? அப்படியும் ஒரு பஸ்ஸாவது ஸ்டேஷனுக்குத் திரும்பி நான் பார்த்ததில்லை. ஏன்?

எங்களுக்குத் தைரியம் இல்லை என்று சொல்லிவிடுவது சுலபம். உண்மை வேறு. எங்க அப்பா வேலிக்கருவேலை வெட்டிக் கரிமூட்டம் போடுகிறவர். அம்மா நூறுநாள் வேலைக்குப் போகிறவர். எங்க வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியது நான்தான் முதல் ஆள். இந்த மாதிரி வீட்டில் ஒரு பிள்ளை, “பஸ்ல ஒருத்தன் இப்படிப் பண்ணுனான்” என்று சொன்னால் என்ன பதில் வரும் தெரியுமா? “படிச்சது போதும்த்தா, வீட்ல இரு.” அவ்வளவுதான். என்னோடு ஒரே பஸ்ஸில் வந்த ஒரு அக்கா அப்படித்தான் நின்றார். நன்றாகப் படித்தவர். இன்றைக்கு விடியற்காலையில் மில் வேன் ஏறுகிறார். தொல்லை கொடுத்தவன் அதே பஸ்ஸில் ஜாலியாக வருகிறான். படிப்பு போனது யாருக்கு? இதற்குப் பயந்துதான் நாங்கள் வாயைத் திறப்பதில்லை.

2021ல் பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் கட்டணமில்லாப் பயணம் வந்தது. 2022ல் புதுமைப் பெண் திட்டத்தில் அரசுப் பள்ளி மாணவிகளுக்கு மேற்படிப்புக்கு மாதம் 1000 ரூபாய் வந்தது. டிக்கெட்டும் இல்லை, கையில் காசும் இருக்கிறது. ஆனால் பஸ்ஸுக்குள் மானத்தோடு நிற்க இடம் கொடுக்க வேண்டியது யார்? அரசாங்கம் மட்டுமா? கூட நிற்கிற நாம் இல்லையா?

“பொண்ணுங்க பொய்ப் புகார் கொடுத்தா என்ன செய்றது?” என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். அதற்கும் மருந்து சாட்சிதான்! பார்த்தவன் பார்த்ததைச் சொன்னால் பொய்யும் நிற்காது, உண்மையும் சாகாது. “எல்லாப் பசங்களையும் குத்தம் சொல்றியா?” என்று கேட்பவர்களுக்கும் சொல்கிறேன். இல்லவே இல்லை! தொல்லை கொடுப்பவன் பஸ்ஸுக்கு ஒருவனோ இருவரோதான். மற்ற நாற்பது பேரும் ஜன்னலைப் பார்க்கிறார்களே, அதுதான் அவனுடைய பலம்.

நமது மாணவர் பேரவைக்கு மூன்று வேண்டுகோள். ஒன்று, இந்தச் சட்டத்தின் பஸ் பிரிவை நல்ல தமிழில் அச்சடித்து, நாம் ஏறும் ஸ்டாப்புகளிலும் கல்லூரி வாசலிலும் ஒட்டுவோம். 181 என்ற பெண்கள் உதவி எண்ணும் அதில் இருக்கட்டும். இரண்டு, ஒவ்வொரு ரூட்டுக்கும் ஒரு மாணவன், ஒரு மாணவி என்று பொறுப்பாளர்களைப் போடுவோம். புகார் சொல்லப் போகும் பிள்ளையோடு அவர்கள் ஸ்டேஷன் வரை போகட்டும். மூன்றாவதுதான் முக்கியம். புகார் சொன்ன பிள்ளையின் படிப்பு நின்றுவிடும் என்று தெரிந்தால், பேரவை அவர் வீட்டுக்குப் போய், “அவள் மேல் தப்பு இல்லை, படிக்க அனுப்புங்கள், நாங்கள் இருக்கிறோம்” என்று பெற்றோரிடம் பேச வேண்டும்.

தோழர்களே! படித்து முடிக்கக் கொடுத்து வைக்காமல் போனவர் சரிகா. அவர் பெயரால் வந்த சட்டம் இருந்தும் இன்னொரு பிள்ளை படிப்பை விட்டால், அது அவருக்கு நாம் செய்கிற அவமரியாதை. இரண்டு நிமிஷ மௌனம் போதும். அடுத்த முறை பஸ்ஸில் ஒரு பிள்ளை திரும்பிப் பார்த்து முறைத்தால், மௌனமாக இருக்காதீர்கள். “அண்ணே, வண்டிய ஸ்டேஷனுக்கு விடுங்க. நான் சாட்சி” என்று ஒரு குரல் கொடுங்கள்.

செய்வோமா?