“புதிய” மருந்தா, புதிய கொள்ளையா?

மருந்துக் கம்பெனிகளின் அகராதியில் “புதிய மருந்து” என்ற சொல்லுக்குத் தனி அர்த்தம் உண்டு. தீராத வியாதியைத் தீர்ப்பது என்பதல்ல அது. இன்னும் இருபது வருஷம் போட்டியின்றி விற்பது என்பதே அது!

ஆதாரம் வேண்டுமா? இமாட்டினிப் என்ற மருந்து ஒருவகை ரத்தப் புற்றுநோயை அடக்குகிறது. நல்ல மருந்து, நாம் மறுக்கவில்லை. ஸ்விட்சர்லாந்தின் நோவார்ட்டிஸ் கம்பெனி இதை கிளிவெக் என்று பெயரிட்டு இங்கே மாதம் சுமார் 1,20,000 ரூபாய்க்கு விற்றது. நம் நாட்டுக் கம்பெனிகளோ இதே மருந்தைச் சுமார் 10,000 ரூபாய்க்கே கொடுத்தன.

இது பொறுக்குமா ஏகபோகத்துக்கு? பழைய மருந்தின் உப்பையே ஒரு தனிவகைப் படிகமாக்கி, “இது புதிய கண்டுபிடிப்பு” என்று 1998-இல் இந்தியாவில் பேடண்ட் கேட்டது கம்பெனி. அதே நூலை வேறு கோனில் சுற்றிப் புது நூல் என்றால் ஆலைத் தொழிலாளி சிரிக்க மாட்டாரா? அதே நெல்லை வேறு சாக்கில் கொட்டிப் புது நெல் என்றால் விவசாயத் தொழிலாளி நம்புவாரா?

சட்டமும் நம்பவில்லை. 2005-இல் திருத்திய பேடண்ட் சட்டத்தின் 3-டி பிரிவு, தெரிந்த பொருளின் புது வடிவத்துக்குத் திறன் கூடியிருந்தால்தான் பேடண்ட் என்கிறது. சென்னை பேடண்ட் அலுவலகம் 2006-இல் மனுவை நிராகரித்தது. பிரிவே செல்லாது என்று கம்பெனி போட்ட வழக்கைச் சென்னை ஐகோர்ட் 2007-இல் தள்ளியது.

கடைசியில் சுப்ரீம் கோர்ட்டில் வழக்கு “திறன்” என்ற ஒரே சொல்லில் வந்து நின்றது. புதுப் படிகம் உடம்பில் 30 சதவீதம் அதிகமாகச் சேர்கிறது, அதுவே திறன் என்றது கம்பெனி. மருந்தின் திறன் என்றால் நோய் தீர்க்கும் திறன். அது கூடியதாக நிரூபிக்கவில்லை என்று 2013 ஏப்ரல் 1-இல் கோர்ட் தீர்ப்பளித்தது.

“லாபம் இல்லாவிட்டால் ஆராய்ச்சி ஏது?” என்று கேட்கிறார்கள். இந்த நோயின் வேரான பிலடெல்பியா குரோமசோமை 1960-இல் கண்டவர்கள் யார்? கம்பெனி முதலாளிகளா? இல்லை, பல்கலைக்கழகத்திலும் ஆராய்ச்சிக் கழகத்திலும் உழைத்த விஞ்ஞானிகள்!

தோழர்களே! 3-டி பிரிவை அமெரிக்க வர்த்தகப் பிரதிநிதி அலுவலகத்தின் ஆண்டறிக்கைகள் திரும்பத் திரும்பக் குறை கூறி வந்திருக்கின்றன. எந்த வர்த்தக ஒப்பந்தத்தின் பெயராலும் அதில் ஒரு வார்த்தையைக்கூட மாற்றவிடோம் என்று ஆலை வாயிலிலும் களத்துமேட்டிலும் முழங்குவோம்!