கடைசி ஸ்டாப் கிளாவரை

கொடைக்கானல் போய்விட்டு வந்தவனிடம் நம் ஜனங்கள் 'குளிர் எப்படி?' என்று கேட்பதில்லை. 'என்னென்ன பார்த்தே?' என்றுதான் கேட்பார்கள். வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்க வேண்டும். ஏரி, கோக்கர்ஸ் வாக், தூண் பாறை, குணா குகை... ஒன்று விட்டுப்போனாலும், 'அடடா, அதைப் பார்க்கலையா? அப்ப நீ கொடைக்கானலே போகலை' என்று தீர்ப்பு எழுதிவிடுவார்கள்.

நான் பி.காம். இரண்டே நாளில் பதினோரு ஸ்பாட்டை முடித்து, லிஸ்டில் டிக் அடித்து, கணக்கை டாலி பண்ணிவிட்டேன். (தூண் பாறையில் பார்த்தது தூணும் இல்லை, பாறையும் இல்லை. வெள்ளையாகப் பனி. நாலு பேர் டிக்கெட் வாங்கிப் பனியைப் பார்த்துவிட்டு வந்தோம்.) மூன்றாம் நாள் சாயங்காலம் ஆறரைக்குத்தான் மதுரைக்கு பஸ். அதுவரை சும்மா இருக்க வேண்டும். எனக்குச் சும்மா இருக்கத் தெரியாது. அதுதான் வம்பு.

பஸ் ஸ்டாண்டில் ஒரு பஸ் 'கிளாவரை' என்று போர்டு மாட்டிக்கொண்டு உறுமிக்கொண்டிருந்தது.

"அங்க என்னங்க இருக்கு?" என்றாள் மனைவி.

"தெரியாது."

"தெரியாத ஊருக்கு எதுக்குப் போகணும்?"

"தெரிஞ்ச ஊரெல்லாம் நேத்தே பார்த்து முடிச்சாச்சே!"

உண்மையான காரணம் வேறு. அந்தப் பக்கம் போய்வர டாக்ஸிக்காரர் சொன்ன தொகைக்கு எங்கள் தெருவையே பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போய்வரலாம். இதை மனைவியிடம் சொல்லவில்லை. சொல்லாமலே அவளுக்குத் தெரியும்.

ஏறினோம். நான், மனைவி, பையன், மாமியார். கூடவே மாமியாரின் ஐந்து லிட்டர் தண்ணீர் கேன். கொடைக்கானலில் ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை என்று யாரோ சொன்னதிலிருந்து அந்த கேன் எங்கள் குடும்பத்தில் ஐந்தாவது உறுப்பினராகிவிட்டது.

கொடைக்கானலுக்கு மேற்கே போகிற இந்த பஸ்ஸை பஸ் என்று சொன்னால் பாதிதான் சொன்னதாகும். டிரைவருக்குப் பக்கத்தில் தினசரிப் பேப்பர் கட்டு. எஞ்சின் மேல் ஒரு மருந்துக் கவர், அதில் பேனாவால் எழுதிய ஒரு பெயர். ஒரு மிக்ஸி ரிப்பேராகித் திரும்பி வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு வளைவிலும் கண்டக்டர் ஏதாவது ஒன்றை ஜன்னல் வழியாக நீட்ட, கீழே ஒரு கை வாங்கிக்கொண்டது. தபால், பார்சல், கூரியர் எல்லாம் அவரேதான்.

பூம்பாறை வந்தது. பஸ் மேலே நிற்க, ஊர் கீழே கிடந்தது. மலையைப் படிப்படியாகச் செதுக்கி வைத்த வயல்கள். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய கொடைக்கானல் மலைப்பூண்டு விளைகிற வட்டாரம். அங்கிருந்து ஏறிய ஒரு பெரியவர், என் பக்கத்தில் உட்கார்ந்ததுமே கைடு ஆகிவிட்டார்.

"கோயிலைப் பாத்தீங்களா தம்பி? குழந்தை வேலப்பர். போகர் செஞ்ச நவபாஷாணச் சிலைன்னு பெரியவங்க சொல்லுவாங்க. பழனியில இருக்கிற மாதிரியே."

"தேர் உண்டா?"

"இல்லாமயா? எங்க தேருக்கு முன்னாலயும் வடம், பின்னாலயும் வடம்."

"பின்னால எதுக்குங்க?"

"தெரு சரிவு தம்பி. முன்னால இழுக்கிறவன் பாட்டுக்கு இழுத்துட்டுப் போயிட்டா? பின்னால நாலு பேரு புடிச்சு நிறுத்தணும்ல."

மன்னவனூரில் மத்திய அரசின் செம்மறி ஆராய்ச்சிப் பண்ணை இருக்கிறது. பசும் புல்வெளியில் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்த ஆடுகளைப் பார்த்து, "அப்பா, ஸ்விட்சர்லாந்து!" என்றான் பையன். ஸ்விட்சர்லாந்தை அவனும் பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை. இருவரும் தலையாட்டிக்கொண்டோம். கவுஞ்சி, பூண்டி என்று ஊர்கள் வந்தன. பூண்டியில் பாதி பஸ் காலி. அதற்கப்புறம் ரோடு இனி போகலாமா வேண்டாமா என்று யோசிக்கிற மாதிரி இருந்தது. போய்ச் சேர்ந்தது. கிளாவரை.

டிரைவர் பஸ்ஸைத் திருப்பி நிறுத்தினார். அதற்கு மேல் ரோடு இல்லை.

தகர வீடுகள், உருளைக்கிழங்கு, கேரட் தோட்டங்கள். எதிரே அடுக்கடுக்காக மலை. 'வியூ பாயிண்ட்' என்று போர்டு இல்லை, கம்பி வேலி இல்லை, டிக்கெட் கவுண்டர் இல்லை. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் அதுதான் வியூ பாயிண்ட். பதினோரு ஸ்பாட்டிலும் கிடைக்காதது ஒரு டீ காசில் கிடைத்தது. மாமியார்கூட கேனைக் கீழே வைத்தார்.

"அந்த மலைக்கு அங்கிட்டு கேரளா ஸார்" என்றார் டீக்கடைக்காரர். "கோவிலூர், வட்டவடா. நம்ம சனம்தான். பொண்ணு குடுத்து எடுக்கிறது. நடந்தா சில மணி நேரம்."

"ரோட்டுல போனா?"

"அது எதுக்கு ஸார் கேக்கறீங்க? மலையிறங்கித் தேனி, போடி, மூணாறுன்னு சுத்தணும். ஒரு பகல் போயிரும்."

இத்தனைக்கும் இதே மலைத்தொடரில் மூணாறுக்கு ஒரு ரோடு இருந்தது. 1942-ல் ஜப்பான்காரன் சென்னைக்கு வந்துவிடுவான் என்று பயந்த வெள்ளைக்கார அரசாங்கம், தப்பித்து ஓடுவதற்காக பேரிஜம் வழியாக மூணாறு, அங்கிருந்து கொச்சித் துறைமுகம் என்று அந்த வழியைச் சீர்செய்து வைத்தது. பேரே 'எஸ்கேப் ரோடு'. ஜப்பான்காரனும் வரவில்லை, துரைமார்களும் ஓடவில்லை. 1990-ல் போக்குவரத்தை நிறுத்தினார்கள். ரோட்டைக் காடு எடுத்துக்கொண்டது.

இந்தச் சரித்திர ஞானத்தையெல்லாம் மனைவியிடம் அவிழ்த்துவிட்டுக்கொண்டே திரும்பி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். கிளம்பவேண்டிய நேரம் தாண்டி ஐந்து நிமிஷம் ஆயிற்று. பத்து நிமிஷம் ஆயிற்று. டிரைவர் கீழே நின்று மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கண்டக்டர் ஸார், டைம் ஆச்சு."

"ஒரு அஞ்சு நிமிஷம் ஸார்."

பதினைந்து ஆயிற்று. எனக்குள் இருந்த டவுன்காரன் எழுந்துவிட்டான். கைக்கடிகாரத்தை அவர் முகத்துக்கு நேரே தட்டிக் காட்டி, "எங்களுக்கு ஆறரைக்கு மதுரை பஸ். ரிசர்வேஷன் பண்ணியிருக்கு. விட்டா நாலு டிக்கெட் காசை நீங்களா குடுப்பீங்க?" என்று கேட்டேன். பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி. கண்டக்டர் பதில் சொல்லவில்லை.

அப்போதுதான் மேட்டிலிருந்து அவர்கள் இறங்கி வந்தார்கள். நாலு ஆள். ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அதன் இரண்டு பக்கமும் மூங்கில் கட்டி, தோளில். அதில் கம்பளி சுற்றிய ஒரு பாட்டி. கண்ணை மூடியிருந்தார். நெஞ்சு ஏறி இறங்குவது இங்கிருந்தே தெரிந்தது.

"நூத்தி எட்டுக்குச் சொல்லியாச்சு" என்றார் கண்டக்டர், என்னிடம் இல்லை, பொதுவாக. "அவங்க கொடைக்கானல்லேர்ந்து ஏறி வரணும். நாம பாதி தூரம் கொண்டு போயிட்டா பாட்டிக்கு அரை மணி நேரம் மிச்சம்."

அகலமான பின் ஸீட்டைச் சொல்லாமலே காலி பண்ணினார்கள். பாட்டியைப் படுக்க வைக்கும்போது கண் திறந்து, ஓரமாக நின்ற என்னைப் பார்த்தார். புது முகம் என்று தெரிந்திருக்க வேண்டும்.

"ஒனக்கு லேட்டாயிருச்சாப்பு?" என்றார்.

கடிகாரம் கட்டிய கையை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. மாமியார் கேனிலிருந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டு போய்ப் பாட்டியின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

வரும்போது வளைவுகளில் எங்களை உருட்டிக்கொண்டு வந்த அதே டிரைவர், இப்போது தொட்டிலை ஆட்டுகிற மாதிரி ஓட்டினார். எனக்கு முந்தாநாள் படித்தது ஞாபகம் வந்தது. 1845-ல் அமெரிக்கப் பாதிரிமார்கள் கொடைக்கானலில் முதல் இரண்டு பங்களாக்களைக் கட்டினார்கள். மோட்டார் ரோடு முழுசாக வந்தது இருபதாம் நூற்றாண்டு பிறந்த பிறகு. நடுவில் எத்தனையோ வருஷங்கள் துரைகளும் துரைசானிகளும் பெரியகுளம் பக்கத்து அடிவாரத்திலிருந்து நாற்காலியில் உட்கார்ந்து, கூலியாட்கள் தோளில்தான் ஏறி வந்தார்கள், குளுகுளுவென்று கோடை கழிக்க. அதை ருசித்துப் படித்து, பையனுக்கும் கதையாகச் சொல்லியிருந்தேன். அந்த நாற்காலி இன்னும் புழக்கத்தில் இருக்கிறது என்று புத்தகத்தில் போட்டிருக்கவில்லை. அன்றைக்கு ஒருவர் காற்று வாங்க மேலே வந்த நாற்காலியில், இன்றைக்கு ஒருவர் மூச்சு வாங்கக் கீழே போகிறார்.

பூம்பாறைக்கு முன்னாலேயே சைரன் கேட்டது. பாட்டியை ஆம்புலன்ஸுக்கு மாற்றினார்கள். இந்த முறை மூங்கிலின் ஒரு முனையை நானும் பிடித்தேன். முப்பதடி தூரம்தான். பழக்கமில்லாத தோள், எரிந்தது. ஒரு வாரம் கழித்து டெப்போவுக்குப் போன் பண்ணி விசாரித்தேன். அந்தக் கண்டக்டரையே பிடித்துக் கொடுத்தார்கள். பாட்டி வீட்டுக்கு வந்துவிட்டாராம். "திரும்பவும் நம்ம பஸ்லதான் ஸார் வந்துச்சு. இந்தத் தடவை டிக்கெட் வாங்கிச்சு" என்று சிரித்தார்.

மதுரை பஸ் போய்விட்டிருந்தது. நாலு டிக்கெட் காசு நஷ்டம். என் மனைவி அதைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. கல்யாணமாகி இதுதான் முதல் தடவை.

நீங்களும் போவதென்றால் சில குறிப்புகள். 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு இ-பாஸ் வேண்டும், வண்டியில் போகிறவர்கள் மறக்காதீர்கள். ஸ்வெட்டர், குடை இரண்டும் அவசியம். கிளாவரையில் பார்க்க லிஸ்ட் எதுவும் கிடையாது, பெஞ்சில் உட்கார்ந்தால் போதும். திரும்பி வருகிற பஸ்ஸுக்கும் அடுத்த ரிசர்வேஷனுக்கும் நடுவில் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

பஸ் கிளம்ப லேட்டானால், தயவுசெய்து கடிகாரத்தைக் காட்டாதீர்கள். மேட்டைப் பாருங்கள்.